நுவரெலியா 'குட்டி இங்கிலாந்து' இல்லை

ஆகஸ்ட் விடுமுறை வந்தால் வால்தம்ஸ்டோ, ஈஸ்ட்ஹாம், ஹரோ என்று எந்தப் பக்கம் கேட்டாலும் ஊருக்குப் போகிற குடும்பங்களின் திட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான். நல்லூர்த் திருவிழா, நயினாதீவு, பிறகு ஒரு வான் பிடித்து இரண்டு இரவு நுவரெலியா. கிரெகரி ஏரியில் படகு, சிவப்புச் செங்கல் தபால் கந்தோருக்கு முன்னால் ஒரு படம், தேயிலைக்குள் இறங்கி நின்று இன்னொரு படம், சீதா எலியவில் சீதையம்மன் கோயில். 'அப்படியே இங்கிலாந்து மாதிரி இருக்கு' என்று ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டு இங்கிலாந்துக்கே திரும்பி வந்துவிடுகிறோம்.

அழகான ஊர், அதில் சந்தேகமில்லை. நான் பேராதனையில் பொறியியல் படித்த காலத்தில், பரீட்சை முடிந்த கையோடு பெடியள் எல்லாரும் பஸ் ஏறுவது நுவரெலியாவுக்குத்தான். கம்பளை தாண்டி, புசல்லாவை தாண்டி, றம்பொடை நீர்வீழ்ச்சி கிட்ட வரும்போது ஜன்னலை மூடச் சொல்லிப் பின் சீட்டில் சத்தம் வரும். வழியெல்லாம் லீக்ஸும் கரட்டும் அடுக்கிய மரக்கறிக் கடைகள். 1,868 மீட்டர் உயரம். யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்தவனுக்கு அந்தக் குளிரே ஒரு வெளிநாடுதான்.

ஆனால் 'குட்டி இங்கிலாந்து' என்ற பெயர்தான் எனக்கு ஒத்துவருவதில்லை. அது வெள்ளைக்காரன் தன் வீட்டு ஞாபகத்தில் வைத்த பெயர். ஜோன் டேவி என்ற டாக்டர் இந்த மேட்டுநிலத்தைப் பற்றி எழுதினார். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் இங்கே ஓய்வுக்கு ஒரு மாளிகை கட்டினார். இன்றைய கிராண்ட் ஹோட்டல் அதிலிருந்து வளர்ந்ததுதான். 1840களில் சாமுவேல் பேக்கர் வந்து இங்கிலாந்து மாடு, விதை, குடியானவர் எல்லாம் கொண்டுவந்து பண்ணை வைத்தார். பின்னால் ஆபிரிக்காவுக்குப் போய் அல்பர்ட் ஏரியைக் 'கண்டுபிடித்ததும்' இதே ஆள்தான். குதிரைப் பந்தயத் திடல், 1873இல் ஏரி, 1876இல் ஹில் கிளப், 1894இல் தபால் கந்தோர் என்று ஒவ்வொன்றாக வந்தது. இதுதான் சுற்றுலாப் புத்தகத்தில் இருக்கும் சரித்திரம்.

அந்தப் புத்தகம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. என் சிநேகிதன் ஒருவனுடைய மகள், லண்டனில் பிறந்தவள், அங்கே முச்சக்கரவண்டி ஓட்டியவரோடு தமிழில் பேசிவிட்டு அவனைக் கேட்டாளாம்: "அப்பா, இவ்வளவு தூரத்தில ஏன் எல்லாரும் தமிழ் பேசுறாங்க?" நல்ல கேள்வி. நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேல் மலையகத் தமிழர். இலங்கையில் அவர்கள் பெரும்பான்மையாக இருக்கும் ஒரே மாவட்டம் இதுதான்.

அவர்கள் வந்தது முதலில் தேயிலைக்கு இல்லை, கோப்பிக்கு. 1820களிலிருந்து தமிழ்நாட்டுக் கிராமங்களில் பஞ்சமும் கடனும் சாதியும் விரட்ட, கங்காணியின் பேச்சை நம்பித் தோணி ஏறினார்கள். தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடை. கொலராவிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் பிடித்து, சில வருசங்களில் தொழிலே அழிந்தது. அதற்கு இரண்டு வருசம் முன்புதான் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். பயிர் மாறியது, ஆட்கள் மாறவில்லை. காட்டை வெட்டியது, றோட்டுப் போட்டது, 1885இல் நானுஓயாவுக்கு வந்து சேர்ந்த ரயில்பாதைக்கு மலையைக் குடைந்தது எல்லாவற்றிலும் இந்தக் கூலிகளின் உழைப்பு இருக்கிறது. அந்தச் சரித்திரத்தில் டெயிலருக்குப் பெயர் இருக்கிறது, அவர்களுக்குத் தலைக்கணக்கு மட்டும்தான்.

தேயிலை ருசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதால்தான் நுவரெலியாத் தேத்தண்ணிக்கு அந்த வாசம். சாயம் பொன் நிறம்தான், கறுக்காது. வருசத் தொடக்கத்து மாதங்களில், காய்ந்த காற்றும் குளிர் இரவுமாக இருக்கும்போது பறிப்பது இன்னும் விசேஷம். அதில் பால் ஊற்றிச் சீனி அள்ளிப் போடுவது அநியாயம். மலையகத்து பட்ச்மேட் ஒருவன் எங்களோடு படித்தான்; அம்மா கொழுந்து பறித்துப் படிக்கவைத்த பிள்ளை. "நல்ல தூளெல்லாம் லண்டனுக்கு மச்சான், எங்களுக்கு வாறது டஸ்ட்" என்பான் சிரித்துக்கொண்டே.

லண்டனுக்கு என்று அவன் சொன்னது சும்மா இல்லை. வால்தம்ஸ்டோ சென்ட்ரலில் ஓவர்கிரவுண்ட் ஏறி லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் இறங்கிக் கால்மணி நேரம் நடந்தால் மின்சிங் லேன். உலகத் தேயிலை வியாபாரத்தின் தலைத் தெரு ஒருகாலத்தில் அதுதான். லண்டன் ஏலம் கடைசியாக நடந்தது 1998 ஜூன் 29. அன்றைக்குப் புசல்லாவைப் பக்கத்து ஹெல்பொட தோட்டத்துத் தேயிலை 44 கிலோ, கிலோ 555 பவுணுக்குப் போனது. நாங்கள் பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு கடந்த மலைதான் அது.

இனி அரசியல். 1947 தேர்தலில் நுவரெலியாவுக்குப் பாராளுமன்ற உறுப்பினராக வந்தவர் சௌமியமூர்த்தி தொண்டமான். அந்த முறை இலங்கை இந்தியக் காங்கிரஸுக்கு ஏழு ஆசனம். அடுத்த வருசமே குடியுரிமைச் சட்டம் வந்தது. அதன்பின் வாக்குரிமையும் போனது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவந்த சனம் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பிறகு பார்க்கலாம் என்று. ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏற்றும்போது ஒப்பாரி வைத்துத்தான் அனுப்பினார்கள். போனவர்களில் பலர் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரி தோட்டங்களில் திரும்பவும் கொழுந்து பறித்தார்கள். அங்கே அவர்கள் 'சிலோன்காரர்'. இங்கே இருந்தவர்களுக்குக் குடியுரிமைப் பிரச்சினை சட்டப்படி தீர 2003 வரை ஆனது.

இந்தச் சட்டப் பிரச்சினையில்தான் தமிழ்க் காங்கிரஸ் உடைந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. அதை மேடையில் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் எங்கள் வடக்கு வீடுகளில் 'தோட்டக்காட்டான்' என்ற சொல் எவ்வளவு சாதாரணமாகப் புழங்கியது என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை மலைநாட்டிலிருந்து கொண்டுவந்து வீட்டு வேலைக்கு வைத்தது யார்? 1977 கலவரத்தில் அடிபட்டு வவுனியா, கிளிநொச்சிக்கு வந்தவர்களுக்கு எல்லைக் காணிதான் கிடைத்தது. 2009 அவர்களையும் விட்டுவைக்கவில்லை. எங்களை 'பாகி' என்று கூப்பிட்டால் உடனே கோபம் வருகிறதே, அந்தக் கோபம் இந்தச் சொல்லுக்கும் வரவேண்டும்.

இப்போது நிலைமை என்ன? 2024இல் நாட்கூலி 1,350 ரூபா ஆனது. அதுவும் கேட்ட கிலோ பறித்தால்தான். குறைந்தால் 'அரைப் பேர்'. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பரா இன்னும் பல தோட்டங்களில் அப்படியே இருக்கிறது. இந்திய உதவியில் முன்பு வந்த வீடுகளுக்குக் காணி ஏழு பேர்ச். இருநூறு வருசத்துக்கு ஏழு பேர்ச்! துரைமார் பங்களாக்கள் மட்டும் ஹோட்டலாகிப் பளபளக்கின்றன. இளம் பிள்ளைகள் கொழும்புக்கும் மத்திய கிழக்கிற்கும் போகிறார்கள். போகாமல் என்ன செய்வார்கள்?

இதையெல்லாம் சொன்னால் 'அப்ப போகவேண்டாம் எண்டு சொல்லுறியளோ' என்று கேட்பார்கள். போங்கள், கட்டாயம் போங்கள். தேயிலைக்குள் நிற்கும் அக்காவைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பெயரைக் கேளுங்கள், எந்தத் தோட்டம் என்று கேளுங்கள், உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. லயத்துக்குள் கமெராவோடு நுழையாதீர்கள். கண்டியிலிருந்து ஏறும் வழியில் ஹந்தானையில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்துக்கு எல்லா வானும் போகும். டெயிலர், லிப்டன் கதை அங்கே கிடைக்கும். இன்னொன்று இருக்கிறது, வான் டிரைவருக்கு நீங்கள்தான் சொல்லவேண்டும்: கம்பளைப் பக்கம் பாரதெக்கவில், ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில், பழைய லயத்திலேயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். போவதற்கு முன் ஃபோன் செய்துவிட்டுப் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.