கம்பளம் உரித்த வீடுகள்

மெல்போர்னில் ஃபிட்ஸ்ராய், கார்ல்டன் பக்கம் நூறு வருடம் தாண்டிய வீட்டை வாங்குகிறவர்கள், சாவி கைக்கு வந்ததும் கூடத்து மூலையில் கம்பளத்தைக் கிளப்பிப் பார்க்கிறார்கள். அடியில் பால்டிக் பைன் பலகை தெரிந்தால் முகம் மலர்ந்துவிடும்.

அதைப் போட்டவர்களுக்கு அந்தப் பெருமை கிடையாது. வட ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய சாதாரண மரம் அது. கூடத்தின் நடுவே சதுரக் கம்பளம் விரித்து, சுற்றித் தெரிகிற ஓரத்துக்கு மட்டும் ‘ஜப்பான் பிளாக்’ என்ற கறுப்புப் பூச்சு அடிப்பார்கள். நடுப்பகுதி வெறும் மரம்தான். யார் பார்க்கப் போகிறார்கள்? அந்தக் கறுப்பு ஓரம் பல வீடுகளில் இன்றும் அப்படியே கிடக்கிறது. மர இழைக்குள் இறங்கிவிட்டதால் லேசில் போகாது.

பளபளப்பு வேண்டியவர்கள் தேன்மெழுகை டர்பன்டைனில் கரைத்து, முட்டி போட்டுத் தேய்த்தார்கள். முதுகு ஒடியும் வேலை. ஆனால் வாசல் பக்கம் மங்கினால் வாசல் பக்கம் மட்டும் தேய்த்தால் போதும்.

1863-இல் பிரெடரிக் வால்டன் காப்புரிமை பெற்ற லினோலியம் மெல்ல வீடுகளுக்குள் வந்து பலகையை மூடியது. அடியில் மெத்தையாகப் பழைய செய்தித்தாள்கள். இப்போது உரிக்கிறவர்கள் வேலையை விட்டுவிட்டு அவற்றைப் படிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சுவருக்குச் சுவர் கம்பளம் வந்தது. பலகை கண்ணில் பட்டாலே வீட்டில் வசதியில்லை என்று அர்த்தம்.

இன்று உரித்த கையோடு உருளையால் தரையைத் தேய்க்கும் டிரம் சாண்டரை வாடகைக்கு எடுக்கிறார்கள். முதலில் ஆணித் தலைகளை மரத்துக்குள் இறக்க வேண்டும். ஒன்று நீட்டிக்கொண்டிருந்தாலும் உப்புத்தாள் கிழிந்துபோகும். 40-ஆம் எண் முரட்டுத் தாளில் தொடங்கி 80, 120 என்று போக வேண்டும். உருளை சுழலும்போது இயந்திரம் ஒரே இடத்தில் ஒரு கணம் நின்றாலும் பலகையில் குழி விழும். அது அப்போது தெரியாது. வார்னிஷ் காய்ந்து, ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து விழும்போதுதான் காட்டிக்கொடுக்கும். 1970-க்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். பழைய வினைல் விரிப்புகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. சோதிக்காமல் தேய்ப்பது முட்டாள்தனம்.

கடைசியில் மூன்று கோட் பாலியூரிதேன். கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் ஓரிடத்தில் கீறினால் அங்கே மட்டும் பூச முடியாது; ஒட்டுப் போட்டது அப்பட்டமாகத் தெரியும். அறை முழுவதையும் மறுபடி தேய்க்கச் சொல்வார்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் மரம் குறைகிறது. காடிக்குள் நாக்கு செருகிய பலகையில், நாக்குக்கு மேலே இருக்கும் சில மில்லிமீட்டர்தான் மொத்த இருப்பு. பூச்சு மங்கியிருக்கிறதே தவிர மரம் வெளியே தெரியவில்லை என்றால், மேற்பரப்பை மட்டும் லேசாக உரசி ஒரு கோட் கொடுத்தாலே போதும் என்பேன். முழுத் தேய்ப்புக்குத்தான் கூலி அதிகம் என்பதால், கேட்டால் ஒழிய இதை யாரும் சொல்வதில்லை.

இப்போது சிலர் ஹார்ட்வாக்ஸ் ஆயிலுக்கு மாறுகிறார்கள். தாவர எண்ணெயும் மெழுகும் கலந்தது. மங்கிய இடத்துக்கு மட்டும் துணியில் தொட்டுத் தேய்க்கலாம். பழைய முட்டி வேலைதான். வேலை முடிந்ததும் அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடக் கூடாது. எண்ணெய் காயும்போது உள்ளே சூடு ஏறித் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே பிரித்து உலர்த்திய பிறகே குப்பையில் போட வேண்டும்.