பட்டியலில் யார் பெயர்?

விவசாயிகளுக்கான அரசுப் பணம் யாருக்குப் போகிறது என்பது ஊருக்குத் தெரிந்தால்தான் முறைகேடு வெளிவரும்

கோலார் தங்கவயலில் பூமிக்கடியில் இறங்கி உழைத்த தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு மேலே சொந்த நிலம் இருந்ததில்லை. சுரங்க 'லைன்' வீடுகளே அவர்களுக்குக் கதி. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபோது வேலையும் போனது. சயனைடு மண்மேடுகளைத் தாண்டினால் ராகி, தக்காளி, மல்பெரி விளையும் கிராமங்கள். அங்கே நிலம் யாருடையது என்பதைச் சொல்வது 'பஹணி' எனும் காகிதம்.

2019 பிப்ரவரி 24இல் தொடங்கிய பிரதமரின் கிசான் நிதித் திட்டத்துக்கும் அதுவே ஆதாரம். ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக நேரே வங்கிக் கணக்குக்குப் போகிறது. நிலம் பெயரில் இருந்தால் பணம் வரும். வாரத்துக்கோ குத்தகைக்கோ உழுபவருக்கும் கூலிக்காரருக்கும் எதுவுமில்லை. வருமான வரி கட்டுபவர்கள், கடைநிலை ஊழியர் நீங்கலான அரசு ஊழியர்கள் போன்றோருக்கும் பணம் கிடையாது என்கிறது விதி.

ஆனால் விதி ஒன்று, நடந்தது வேறு. 2020 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் குட்டு உடைந்தது. கடலூர், கள்ளக்குறிச்சி, விழுப்புரம் உள்ளிட்ட மாவட்டங்களில் தகுதியில்லாத சுமார் 5.5 லட்சம் பேர் சேர்க்கப்பட்டு 110 கோடி ரூபாய்க்கு மேல் பட்டுவாடா ஆகியிருந்தது. வேளாண் துறையினரின் ரகசியக் குறியீடுகள் தரகர்களின் கைக்குப் போயிருந்தன. வேலியே பயிரை மேய்ந்த கதை. ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள், கைதுகள் நடந்தன, பணத்தைத் திரும்ப வசூலிக்கும் வேலையும் தொடங்கியது.

இது ஒரு மாநிலத்தோடு நிற்கவில்லை. வெங்கடேஷ் நாயக் என்பவர் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டதற்கு மத்திய வேளாண் அமைச்சகம் தந்த பதில்: 2020 ஜூலை வரை தகுதியற்ற 20.48 லட்சம் பேருக்கு 1,364 கோடி ரூபாய் போயிருந்தது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வருமான வரி கட்டுபவர்கள்.

ஊர் அறிந்த ரகசியம்

யாரிடம் நிலம் இருக்கிறது, யார் சர்க்கார் சம்பளம் வாங்குகிறார் என்பது கணினியைவிடக் கிராமத்துக்கு நன்றாகத் தெரியும். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் 1994 முதல் செய்தது இதைத்தான். கூலிப் பட்டியலை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். வேலை செய்யாதவர்கள் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது அம்பலமானது. அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சிதான் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம்.

பெயரை வெளியிடுவது தனிமனித உரிமையில் கை வைப்பதாகாதா? ஐரோப்பாவில் இந்த வழக்கே நடந்தது. மானியம் பெறும் விவசாயிகள் அத்தனை பேரின் பெயரையும் வெளியிடும் விதியை ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் செல்லாததாக்கியது. 2013இல் புது விதி வந்தது: பெயர்கள் வெளியாகும், ஆனால் சிறு தொகை பெறுபவர்களுக்கு விலக்கு. இந்தியாவிலோ 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் விவரங்களைத் தர மறுப்பதற்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் கதவை அகலத் திறந்திருக்கிறது.

கிசான் திட்டத்தில் கிராமவாரிப் பட்டியலைப் பஞ்சாயத்தில் ஒட்ட வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது. ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் அதில் தேவையில்லை. பெயரும் தொகையும் போதும். கிராம சபையில் அதை ஒருமுறை உரக்கப் படித்தால், சேரக் கூடாதவர் யார் என்பதோடு, நிலமில்லாமல் வயலில் உழைத்தும் விடுபட்டவர் யார் என்பதும் எல்லோர் காதிலும் விழும்.