முதலில் சுட்டவன் சாவது ஏன்?

முதலில் சுட்டவன் இவன். ஆனால், செத்து விழுந்தவனும் இவனே!

பயப்பட வேண்டாம். இது கொலை வழக்கு அல்ல. கம்ப்யூட்டர் விளையாட்டு.

இரண்டு பேர் இரண்டு ஊர்களில் இருந்துகொண்டு, இண்டர்நெட் மூலம் ஒரே ஆட்டத்தை ஆடுகிறார்கள். எதிரியைக் கண்டதும் ஒருவன் பொத்தானை அழுத்துகிறான். படம் அப்படியே நின்று விடுகிறது. அரை வினாடி கழித்துப் படம் அசைகிறது. பார்த்தால், சுட்டவன் தரையில் கிடக்கிறான். எதிரி நின்று கொண்டிருக்கிறான்!

ஸ்ரீபெரும்புதூர், ராமானுஜர் பிறந்த ஊர். இன்று அதுவும், பக்கத்தில் உள்ள ஒரகடமும் தொழிற்சாலை ஊர்கள். கார், செல்போன், கம்ப்யூட்டர் எல்லாம் இந்த வட்டாரத்தில் தயாராகி வருகின்றன. டெல் கம்பெனி 2007-ம் ஆண்டில் ஸ்ரீபெரும்புதூரில் கம்ப்யூட்டர் தொழிற்சாலை தொடங்கியது.

கம்ப்யூட்டர் செய்யும் ஊரிலும் ஆட்டம் தடுமாறத்தான் செய்கிறது. ஷிப்டு முடிந்து அறைக்கு வருகிறவர், ஒரு மணி நேரம் விளையாட உட்காருகிறார். படம் நின்று நின்று போகிறது. அவர் என்ன செய்கிறார்?

மாதம் கூடுதல் பணம் கட்டி, அதிக வேக இணைப்புக்கு மாறுகிறார். ஆட்டத்தை வேகப்படுத்தும் என்று சொல்லி விற்கப்படும் புரோகிராமை வாங்குகிறார்.

பணம் போகிறது. தடுமாற்றம் போவது இல்லை!

ஏன்? நோய் ஒன்று, அவர் சாப்பிடும் மருந்து வேறு ஒன்று.

வேகம் வேறு, தாமதம் வேறு

இண்டர்நெட் கம்பெனிகள் "40 மெகாபிட்", "100 மெகாபிட்" என்று சொல்வது என்ன? அது சாலையின் அகலம். ஒரே நேரத்தில் எத்தனை வண்டிகள் போகலாம் என்ற கணக்கு.

விளையாட்டுக்கு அகலமான சாலை தேவை இல்லை. பெரும்பாலான ஆட்டங்களுக்கு ஆடும்போது ஒரு மெகாபிட் கூட வேண்டாம். ஆனால், வண்டி சீக்கிரம் போய்ச் சீக்கிரம் திரும்ப வேண்டும்.

பொத்தானை அழுத்தியதும், "சுட்டுவிட்டான்" என்று ஒரு சின்னச் செய்தி ஓடுகிறது. எங்கே? ஆட்டத்தை நடத்தும் பெரிய கம்ப்யூட்டருக்கு. அதற்கு "சர்வர்" என்று பெயர். அங்கே இருந்து பதில் வருகிறது. போய் வர ஆகும் நேரம்தான் "பிங்".

இதை மில்லி வினாடியில் கணக்கிடுவார்கள். ஒரு வினாடியை 1,000 கூறு போட்டால், அதில் ஒரு கூறு ஒரு மில்லி வினாடி. பிங் 50-க்குள் இருந்தால் ஆட்டம் வழுக்கிக்கொண்டு போகும். 100-ஐத் தாண்டினால் குறி பிசகும். 400 என்றால், ஆட உட்காராமல் இருப்பதே நல்லது.

கடலுக்கு அடியில் 3,200 கிலோமீட்டர்

தாமதத்துக்கு முதல் காரணம், தூரம்.

இண்டர்நெட் செய்தி கண்ணாடி இழையில் ஒளியாக ஓடுகிறது. அதன் வேகம் வினாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர். 2002-ம் ஆண்டில் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலுக்கு அடியில் ஒரு கேபிள் போட்டார்கள். நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். அந்த வழியாகப் போய் வர, ஒளிக்கே 32 மில்லி வினாடி வேண்டும். எந்த மந்திரவாதியாலும் இதைக் குறைக்க முடியாது!

சென்னையில் இருந்து மும்பைக்குச் சாலை வழி சுமார் 1,300 கிலோமீட்டர். அதே தூரத்துக்கு இழை போட்டால், போய் வர 13 மில்லி வினாடி போதும்.

"வேலரண்ட்" என்ற ஆட்டத்துக்கு 2020-ம் ஆண்டில் மும்பையில் சர்வர் வைத்தார்கள். இப்படி இந்தியாவில் சர்வர் உள்ள ஆட்டங்களில், வெளிநாட்டு சர்வரைத் தேர்ந்தெடுப்பது வீண் தாமதம். ஆட்டத்தின் "செட்டிங்ஸ்" பகுதியில் பாருங்கள். பக்கத்து ஊரைத் தேர்ந்தெடுங்கள்.

குற்றவாளி வீட்டுக்குள்ளே!

தூரம் குறைந்த பிறகும் தடுமாறுகிறதா? அப்படியானால், குற்றவாளி வீட்டில்தான் இருக்கிறான். சுவரில் விளக்கு மினுக்கிக்கொண்டு இருக்கும் வைபை பெட்டிதான் அவன்! அதன் பெயர் ரவுட்டர்.

சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை நினைத்துக் கொள்ளுங்கள். டோல்கேட்டில், கார்களை ஏற்றிய டிரெய்லர் லாரிகள் 50 வரிசையாக நிற்கின்றன. ஒதுங்கிப் போக வழி இல்லை. அவற்றின் பின்னால் ஒரு மொபெட் மாட்டிக் கொள்கிறது. மொபெட் சின்னதுதான். ஆனாலும் 50 லாரிகளும் போன பிறகுதான் அது போக முடியும்.

ஆட்டத்தின் செய்திதான் அந்த மொபெட்.

லாரிகள் எவை? அப்பாவின் செல்போன், கல்யாணப் படங்களை எல்லாம் தானாக அனுப்பி, இண்டர்நெட்டில் சேமித்துக்கொண்டு இருக்கும். தங்கையின் போன் ஒரு வீடியோவை அனுப்பிக்கொண்டு இருக்கும். அவை எல்லாம் ரவுட்டரின் வாசலில் வரிசை கட்டி நிற்கின்றன.

ஒரு கணக்குப் பாருங்கள். வரிசையில் 8 மெகாபிட் சரக்கு நிற்கிறது. வெளியே அனுப்பும் வேகம் 20 மெகாபிட். வரிசை தீர அரை வினாடிக்குச் சற்றுக் குறைவாக, அதாவது 400 மில்லி வினாடி ஆகும். மும்பைக்குப் போய் வர 13. வீட்டு வாசலைத் தாண்ட 400!

400 கெஜத்தில் நடந்த அதிசயம்

இந்த நெரிசல் புதியது அல்ல.

1986-ம் ஆண்டு அக்டோபர் மாதம். அமெரிக்காவில் பெர்க்லி என்ற ஊரில், ஓர் ஆராய்ச்சிக் கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே கம்ப்யூட்டர் இணைப்பு இருந்தது. இடைத்தூரம் வெறும் 400 கெஜம். வினாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டு இருந்த இடத்தில், திடீர் என்று 40 பிட்தான் போயிற்று! எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒரே நேரத்தில் சரக்கை வாரிக் கொட்டியதால் வந்த வினை.

வான் ஜேக்கப்சன் என்ற நிபுணர் இதை ஆராய்ந்தார். பாதை நெரிந்தால் அனுப்புகிறவர் தானே வேகத்தைக் குறைக்கும் முறையை 1988-ல் வெளியிட்டார்.

2010-ல், ஜிம் கெட்டிஸ் என்ற என்ஜினீயர், தம்முடைய வீட்டு இணைப்பிலேயே நீண்ட வரிசை நிற்பதைக் கண்டுபிடித்தார். ஒரு துளிச் சரக்கும் கீழே விழக்கூடாது என்று, ரவுட்டர் செய்கிறவர்கள் பெரிய பெரிய காத்திருப்பு அறைகளை உள்ளே வைத்து விட்டார்கள். அறை பெரிதானதால் வரிசையும் நீண்டது.

2012-ல் ஜேக்கப்சனும், கேத்லீன் நிக்கல்ஸ் என்ற பெண் நிபுணரும் மாற்று வழி சொன்னார்கள். வரிசையில் அதிக நேரம் நின்ற சரக்கில் ஒன்றிரண்டை ரவுட்டர் தள்ளிவிடும். அனுப்புகிறவருக்கு அதுவே எச்சரிக்கை. அவர் வேகத்தைக் குறைப்பார். தள்ளப்பட்டது மறுபடியும் அனுப்பப்படும். எதுவும் கெட்டுப் போகாது.

துப்பறிவது எப்படி?

கம்ப்யூட்டரில் "கமாண்ட் பிராம்ப்ட்" என்ற கறுப்புப் பலகையைத் திறவுங்கள். "பிங்" என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, ரவுட்டரின் எண்ணை அடியுங்கள். எண் பெட்டியின் அடியில் ஒட்டி இருக்கும். பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். நான்கு வரிகளில் பதில் வரும்.

அதிலேயே எண்கள் ஏறி இறங்கினால், வைபையில் கோளாறு.

அது சீராக இருந்தால், அடுத்து 8.8.8.8 என்ற எண்ணுக்கு பிங் அனுப்புங்கள். பிறகு, செல்போனில் இருந்து ஒரு பெரிய வீடியோவை அனுப்பிக்கொண்டே மறுபடியும் பாருங்கள். 20 என்று இருந்தது 200, 300 என்று எகிறினால், சந்தேகமே வேண்டாம். வரிசைதான் குற்றவாளி!

செய்ய வேண்டியது என்ன?

1. கம்ப்யூட்டரையும் ரவுட்டரையும் வயரால் இணையுங்கள். வயரில் செய்தி சீராக ஓடும். பக்கத்து அறை வைபை குறுக்கே வராது.

2. வயர் போட முடியாவிட்டால், வைபையில் "5 கிகாஹெர்ட்ஸ்" அலையைத் தேர்ந்தெடுங்கள். வரிசையாக அறைகள் உள்ள வீடுகளில் "2.4" அலை சந்தைக்கடை மாதிரி. ஆனால் 5-ன் அலை சுவர் தாண்டினால் பலம் குறையும். ஆகவே பெட்டி பக்கத்தில் இருக்கட்டும்.

3. விண்டோஸ் செட்டிங்சில் "டெலிவரி ஆப்டிமைசேஷன்" என்று ஒன்று உண்டு. உங்கள் கம்ப்யூட்டரில் இருந்து மற்றவர்களின் கம்ப்யூட்டருக்குச் சரக்கு அனுப்பும் ஏற்பாடு அது. அதை நிறுத்துங்கள். போட்டோ சேமிப்பை விளையாடாத நேரத்துக்குத் தள்ளுங்கள்.

4. ரவுட்டரில் "எஸ்.க்யூ.எம்." அல்லது "க்யூ.ஓ.எஸ்." என்ற பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அளந்து பார்த்த வேகத்தில் நூற்றுக்கு 90 பங்கை அதில் எழுதுங்கள். 40 மெகாபிட் வந்தால் 36. வரும் வேகம், அனுப்பும் வேகம் இரண்டுக்கும் எழுத வேண்டும். பிறகு மறுபடியும் பிங் பாருங்கள். இன்னும் எகிறினால், எண்ணைக் கொஞ்சம் குறையுங்கள்.

ஆச்சரியமாக இல்லை? வேகத்தைக் கூட்டப் பணம் கட்டியவருக்குத் தடுமாற்றம் போகவில்லை. வேகத்தில் பத்தில் ஒரு பங்கை விட்டுக் கொடுத்தவருக்குப் போய்விடுகிறது!

அந்தப் பகுதி இல்லாத ரவுட்டரும் உண்டு. அங்கே முதல் மூன்று காரியங்களைச் செய்தாலே பாதி நோய் தீரும்.

ஆட்டத்துக்கு மட்டும் அல்ல

இது விளையாட்டுப் பிள்ளைகளின் விஷயம் என்று பெரியவர்கள் ஒதுக்க வேண்டாம். தங்கையின் ஆன்லைன் வகுப்பும், வெளிநாட்டில் உள்ள மாமாவின் வீடியோ போனும் இதே வரிசையில்தான் நிற்கின்றன. ஒடிசாவில் இருந்தும் அசாமில் இருந்தும் வேலைக்கு வந்து, அறை எடுத்துத் தங்கி இருப்பவர்களும் இரவில் தாயாரிடம் பேசுகிறார்கள். குரல் விட்டு விட்டு வருவதற்கும் பல நேரங்களில் இதுவே காரணம்.

"நீ விளையாடுவதால்தான் என் பாடம் நின்று போகிறது" என்று தங்கை சொல்வாள். "நீ வீடியோ பார்ப்பதால்தான் நான் தோற்றேன்" என்று அண்ணன் சொல்வான். இருவர் மீதும் குற்றம் இல்லை. வாசலில் வரிசையை ஒழுங்கு செய்ய ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்த மாதம் கூடுதல் பணம் கட்டுவதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி அந்தப் பெட்டியைப் பாருங்கள். காசு மிச்சம். சண்டையும் மிச்சம்!