தியத்தலாவையிற் போயர் கைதிகள்

போரிலே பிடிபட்டவன் குற்றவாளியல்லன். மீண்டும் படைக்கலம் ஏந்தாவண்ணம் தடுத்துவைக்கப்படுபவனே. அவன் தன்னைப் பிடித்த வீரனின் பொறுப்பிலன்றி அரசின் பொறுப்பிலேயே உள்ளவன் என்றும், மனிதப் பண்புடன் நடத்தப்படல் வேண்டும் என்றும் 1899ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை விதித்தது. அவ்விதி நடைமுறையில் எவ்வாறு நின்றது என்பதற்கு இலங்கையிலும் ஒரு சான்றுண்டு.

தென்னாபிரிக்காவிற் பிரித்தானியரை எதிர்த்துப் பொருது பிடிபட்ட போயர்களுள் ஏறத்தாழ 5,000 பேர் 1900ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் முதலாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். அவருட் பெரும்பாலார் தியத்தலாவை மலைப்பகுதியிலே வைக்கப்பட்டனர். முள்வேலிக்குள்ளே தகரக் கொட்டகைகள் நிரையாக எழுந்தன. கைதிகள் மரத்திலே சிற்றுருக்கள் செதுக்கினர், விளையாடினர், வழிபாடு நடத்தினர், தமக்கெனப் பத்திரிகையும் வெளியிட்டனர். நெருப்புக்காய்ச்சலால் இறந்தோர் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டனர்.

1902இற் போர் முடிந்தபின், பிரித்தானிய மன்னருக்கு விசுவாசச் சத்தியஞ் செய்தோர் தாயகம் மீண்டனர். அதற்கு இணங்காத ஏங்கல்பிறெக்ற் என்பார் இங்கேயே தங்கிப் பின்னர் யால வனத்தின் முதற் காவலரானார்.

ஆயின், ஆடவர் இங்கே விதியின் காப்பில் வாழ்ந்த அக்காலத்தே, தென்னாபிரிக்கத் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்ட போயர் பெண்டிரும் பிள்ளைகளுமாக 26,000க்கு மேற்பட்டோர் நோயாலும் ஊட்டமின்மையாலும் மாண்டனர். ஆபிரிக்கக் கறுப்பின மக்களும் பல்லாயிரவர் மடிந்தனர். போராடியோரைக் கருதிய அளவுக்குச் சட்டம் போராடாதோரைக் கருதவில்லை. அவர்க்கெனத் தனி உடன்படிக்கை 1949ஆம் ஆண்டிலேயே ஜெனீவாவில் உருவாயிற்று. கைதியைப் பேணுதலோடு அவன் இல்லத்தாரையும் பேணும்போதே போர்க்காலத்து அறம் நிறைவுறும்.