உஷார்! லேப்பில் ஓடிய சாக்கெட் புரோகிராமை ஊருக்குத் திறந்துவிடாதீர்கள்

கிருஷ்ணன்கோவிலிலும் சிவகாசியிலும் விருதுநகரிலும் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகளே, படிப்பை முடித்து அக்கம்பக்கத்து அச்சகங்களுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிற தம்பி தங்கைகளே, இதை முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கீபோர்டில் கை வையுங்கள்.

நெட்வொர்க் லேப்பில் எக்கோ சர்வர், சாட் புரோகிராம் எல்லாம் எழுதுகிறீர்கள். சி மொழியில் சாக்கெட், பைண்ட், லிசன், அக்செப்ட் என்று வரிசையாக எழுதினால் ஓடிவிடுகிறது. வாத்தியார் கையெழுத்தும் கிடைத்துவிடுகிறது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

லேப்பில் ஓடியதாலேயே அது பத்திரமானது என்று ஆகிவிடாது!

அங்கே உங்கள் சர்வரோடு பேசியது நீங்களே எழுதிய கிளையண்ட். அது நீங்கள் நினைத்ததை மட்டும்தான் அனுப்பும். வெளியே இருப்பவன் நீங்கள் கனவிலும் நினைக்காததை அனுப்புவான்.

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகம். பேர் வேண்டாம். ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் வெளியிட்ட கையோடு ஆர்டர் குவியத் தொடங்கும் தொழில் அது. வெளியூர் ஏஜெண்டுகள் ஆர்டரையும் கடைப் பேர் டிசைனையும் அங்கிருந்தே அனுப்ப ஒரு வழி வேண்டும் என்றார் முதலாளி. சொந்தக்காரப் பையன், படித்து முடித்த புதிது, சி-யில் ஒரு சர்வர் எழுதிக் கொடுத்தான். ரவுட்டரில் ஒரு போர்ட்டையும் திறந்துவிட்டான். ஏஜெண்ட் அனுப்பும் ஃபைல் பேரை வாங்கி, அதை அப்படியே ஒரு லினக்ஸ் கட்டளையோடு ஒட்டி, ‘சிஸ்டம்’ ஃபங்ஷனிடம் கொடுத்துவிடும் அந்தப் புரோகிராம். புரூஃப் தானாக பிரிண்ட் ஆகும். புரட்டாசி வரை ஒரு குறையும் இல்லை. எல்லாரும் பையனைப் பாராட்டினார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் காலை எந்த ஃபைலும் திறக்கவில்லை. ஆர்டர், டிசைன், பில் எல்லாம் பூட்டிக் கிடந்தன. பணம் கேட்டு ஒரு குறிப்பு மட்டும் திரையில் நின்றது. எவனோ ஃபைல் பேருக்குப் பின்னால் ஓர் அரைப்புள்ளி வைத்து, அதை அடுத்துத் தன் கட்டளையை எழுதி அனுப்பியிருந்தான். புரோகிராம் ரூட் அதிகாரத்தில் ஓடிக்கொண்டிருந்ததால் அவன் கட்டளையும் ரூட் அதிகாரத்திலேயே ஓடியது. பேக்கப் டிஸ்க் அதே கம்ப்யூட்டரில் செருகியபடியே இருந்தது. அதுவும் போயிற்று. தை பிறந்தபின் காலண்டரை யார் வாங்குவார்கள்? அந்த வருஷச் சம்பாத்தியமே அதோடு போனது. பையன் உறவுக்காரர்கள் முகத்தில் விழிக்க முடியாமல் ஊரைவிட்டே போய்விட்டான். கெட்ட எண்ணத்தோடு அவன் எதையும் செய்யவில்லை. நினைத்தால் வயிறு எரிகிறது.

“நம்ம சின்ன அச்சகத்தை யார் தேடி வரப்போகிறார்கள்?” என்று கேட்காதீர்கள். உங்களைத் தெரிந்தவன்தான் வரவேண்டும் என்பதே இல்லை. 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட இசட்மேப் என்ற கருவி, வேகமான இணைப்புள்ள ஒரே கம்ப்யூட்டரிலிருந்து உலகின் ஐபிவி4 முகவரிகள் அத்தனையையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். நீங்கள் போர்ட்டைத் திறந்துவிட்டு டீ குடித்துத் திரும்புவதற்குள் யாராவது தட்டியிருப்பார்கள்.

பெரியவர்களும் இதில் தப்பவில்லை. 1988 நவம்பரில் மோரிஸ் புழு பரவிய வழிகளில் ஒன்று, யூனிக்ஸின் ஃபிங்கர் சர்வரில் இருந்த ‘கெட்ஸ்’ ஃபங்ஷன். 512 பைட் இடத்தில் எத்தனை பைட் வந்தாலும் கொட்டிவிடும் ஃபங்ஷன் அது. 2003 ஜனவரியில் பரவிய ஸ்லாமர் புழுவின் மொத்த நீளமே 376 பைட். பத்தே நிமிடத்தில் உலகத்தைச் சுற்றிவிட்டது. 2014-இல் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீடில், எதிராளி சொன்ன நீளத்தைச் சரிபார்க்காமல் நம்பியதுதான் குற்றம். கேட்கும்போதெல்லாம் 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகம் வெளியே கசிந்தது.

இப்போது உங்கள் நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு பாருங்கள்.

பைண்டில் 0.0.0.0 இருக்கிறதா? உஷார்! அந்தக் கம்ப்யூட்டரின் எல்லா இணைப்புகளிலும் கேட்கும் என்று அர்த்தம். உள்ளுக்குள் மட்டும் போதுமென்றால் 127.0.0.1 போடுங்கள்.

1024 பைட் பஃபர் வைத்து, ரெசீவுக்கும் 1024 என்றே கொடுத்து, வந்த எண்ணிக்கை இருக்கும் இடத்தில் பூஜ்யம் வைக்கிறீர்களா? முழு 1024-உம் வந்தால் அந்தப் பூஜ்யம் பஃபருக்கு வெளியே விழும். ரெசீவ் தோற்றால் -1 திரும்பும், அப்போது பஃபருக்கு முன்னால் விழும். லேப்பில் “ஹலோ” அனுப்பிச் சோதித்தவர்களுக்கு இது கண்ணில் படவே படாது. ஒரு தடவை அனுப்பியது ஒரே தடவையில் வந்து சேரும் என்றும் நம்பாதீர்கள். டிசிபியில் பைட்டுகள் தண்ணீர் மாதிரி ஓடிவரும், துண்டாகவும் வரும், ஒட்டிக்கொண்டும் வரும்.

வந்த எழுத்தை பிரிண்ட்எஃப்பின் முதல் இடத்தில் அப்படியே போடுகிறீர்களா? எடுத்துவிடுங்கள். எதிராளி சொன்ன நீளத்துக்கு மெமரி ஒதுக்குகிறீர்களா? உச்சவரம்பு வையுங்கள். டைம்அவுட் இல்லையா? ஒருவன் இணைந்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தாலே போதும், அக்செப்டுக்குத் திரும்ப வழியில்லாமல் உங்கள் சர்வர் மற்ற ஏஜெண்டுகளை வாசலில் நிறுத்திவிடும்.

சிஸ்டம் ஃபங்ஷனுக்குள் வெளியிலிருந்து வந்த ஓர் எழுத்துகூடப் போகக் கூடாது! ரூட்டாக ஓட்டவே கூடாது!

ஜிசிசியிலும் கிளாங்கிலும் அட்ரஸ் சானிடைசர் இலவசமாக இருக்கிறது. அதைப் போட்டுக் கம்பைல் செய்து, குப்பை பைட்டுகளை மூட்டை மூட்டையாக அனுப்பிப் பாருங்கள். உடைவதானால் உங்கள் கண் முன்னாலேயே உடையட்டும்.

ரஸ்ட்டில் எழுதலாமே என்கிறீர்களா? எழுதுங்கள், நானும் அதையே சொல்வேன். பஃபரைத் தாண்டி எழுதும் தவறை அது விடாது. ஆனால் 0.0.0.0-ஐயும் மறந்துபோன டைம்அவுட்டையும் அது தடுக்காது. 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃபிளேரில், எதிர்பாராமல் பெருத்துப்போன ஒரு ஃபைலைப் படிக்கும்போது ரஸ்ட் நிரலில் இருந்த ஓர் ‘அன்ராப்’ பேனிக் ஆகி, உலகம் முழுக்க இணையதளங்கள் முடங்கின.

அச்சக முதலாளிகளே, உங்களுக்கும் சொல்கிறேன். பட்டாசு ஆலையில் அறைக்கு இத்தனை பேர், இத்தனை மருந்து, அறைக்கும் அறைக்கும் இவ்வளவு தூரம் என்று ஏன் வைத்திருக்கிறார்கள் என்பது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். கம்ப்யூட்டர்களையும் அப்படிப் பிரித்து வையுங்கள். ஆர்டர் வாங்கும் கம்ப்யூட்டர் வேறு, பில்லும் டிசைனும் இருக்கும் கம்ப்யூட்டர் வேறு. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் இன்டர்நெட் இணைப்புள்ள, நிர்வாக வேலைக்கான ஒரு கம்ப்யூட்டரில் மால்வேர் புகுந்ததை அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. முக்கியமான உள் நெட்வொர்க் தனியாக இருந்ததால் ஆலைக்குப் பாதிப்பு இல்லை என்றது. பேக்கப்பை எடுத்த உடனே கழற்றி பீரோவில் வையுங்கள். பையன் “போர்ட் திறந்திருக்கேன் மாமா” என்றால், “யாருக்குத் திறந்திருக்கே?” என்று கேளுங்கள். ஏஜெண்டுகளுக்கு விபிஎன் போட்டுக் கொடுத்தால் அந்தப் போர்ட் வெளியே தெரியவே வேண்டியதில்லை.

ஏற்கெனவே நடந்துவிட்டதா? முதலில் நெட்வொர்க் வயரைப் பிடுங்குங்கள். பயத்தில் எதையும் அழிக்காதீர்கள், திரையில் வந்ததைப் போட்டோ எடுத்து வையுங்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள். கம்ப்யூட்டர் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பின் 2022 உத்தரவுப்படி, தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனம் அவர்களுக்குத் தகவல் தர வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் அந்த 6 மணி நேரமும் கையைவிட்டுப் போய்விடும்.