கித்தாரின் குரல் எந்தப் பலகையில்?

மாணவர்களே, 'கோவா' என்றதும் இந்தியாவின் கடற்கரை மாநிலத்தை நினைத்துவிடாதீர்கள். இது ஹவாய்த் தீவுகளில் மட்டுமே இயற்கையாக வளரும் ஓர் அக்கேசியா மரம். உக்குலேலேக்குப் பேர்போன இம்மரத்தால் முழுக் கித்தாரும் செய்கிறார்கள். விலை அதிகம் என்பதால், வாங்குமுன் எதைக் கவனிக்க வேண்டும்?

மெல்லிய கம்பி தனியே அதிர்ந்தால் மிகக் குறைந்த காற்றையே தள்ளும். கம்பிகளைத் தாங்கும் கட்டை அந்த அதிர்வை மேற்பலகைக்குக் கடத்துகிறது. அகன்ற பலகை அதிரும்போதுதான் ஒலி உரத்துக் கேட்கிறது.

பல கித்தார்களின் மேற்பலகை ஸ்புரூஸ் மரம். கோவா அதைவிட அடர்த்தி மிக்கது. கனமான பலகையை அசைக்கக் கூடுதல் விசை தேவை. அதனால் முழுக் கோவா கித்தாரின் ஒலி பொதுவாகச் சற்று அடங்கியிருக்கும்.

பின்பலகையும் பக்கப் பலகையும்? 2018இல் வெளியான லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வில், அவற்றின் மரம் மட்டும் வேறுபட்ட 6 கித்தார்களை 52 கலைஞர்கள் கறுப்புக் கண்ணாடி அணிந்து வாசித்தனர். ஒலித்தரத்துக்கு அவர்கள் அளித்த மதிப்பீட்டில் பெரிய வேறுபாடு இல்லை!

எனவே, மேற்பலகை முழுமரமா, ஒட்டுப்பலகையா என்று முதலில் கேளுங்கள். பிறகு முழுக் கோவா கித்தார் ஒன்றையும் ஸ்புரூஸ் மேற்பலகை கொண்ட ஒன்றையும் ஒப்பிடுங்கள். கித்தாரின் அளவு, கம்பி வகை, வாசிக்கும் பாடல் ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். நண்பர் வாசிக்கட்டும், நீங்கள் திரும்பி நின்று கேளுங்கள். அழகிய மரவரிகளும் விலைச்சீட்டும் அப்போது உங்கள் முடிவை மாற்றாது.