பழைய மாணவர் கேட்டால் கல்லூரி பதில் சொல்லுமா?

2024 பிப்ரவரி. டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள் நூறு பேருக்கும் மேல் மின்னஞ்சலைத் திறந்து பார்த்துத் திகைத்தார்கள். காலை அசெம்ப்ளிக்கு ஒழுங்காக வரவில்லை, பெற்றோருடன் வந்து முதல்வரைப் பார்க்கவும் இல்லை. ஆகவே இடைநீக்கம், தேர்வும் எழுத முடியாது. சென்னையிலிருந்து ஒரு தகப்பனார் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் கிளம்பினால் இரண்டு இரவு ரயிலிலேயே போய்விடும் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆசிரியர்கள் எதிர்த்தார்கள், செய்தி நாளிதழ்களில் வந்தது, உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

1881இல் கேம்பிரிட்ஜ் மிஷன் தொடங்கிய கல்லூரி இது. அமிதவ் கோஷ், சசி தரூர், கபில் சிபல் என்று நீளும் பட்டியல் அதற்கு உண்டு. ‘ஸ்டீபனியன்’ என்ற அடையாளம் படித்தவரை லேசில் விடாது. அதனால் வளாகத்தில் ஏதாவது புகைந்தால் பழைய மாணவர்களுக்கும் மூக்கில் ஏறும். ஆனால் பழைய மாணவர் என்ற ஒரே தகுதிக்குச் சட்டம் பெரிதாக மதிப்பெண் போடுவதில்லை. கேள்வி கேட்க வேறு வாசல்கள் இருக்கின்றன.

முதல் வாசல் இப்போது படிப்பவருக்கானது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2023ஆம் ஆண்டு மாணவர் குறைதீர் விதிமுறைகளின்படி, புகார் வந்த 15 வேலை நாட்களுக்குள் குறைதீர் குழு அறிக்கை தர வேண்டும். முடிவு பிடிக்கவில்லை என்றால் 15 நாட்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஓய்வுபெற்ற துணைவேந்தரோ பேராசிரியரோ முன்னாள் மாவட்ட நீதிபதியோ அந்தப் பொறுப்பில் இருப்பார். அவருக்கு 30 நாள் கெடு. இதில் முன்னாள் மாணவருக்கு இடமில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு மனு எழுதித் தரலாம், வக்கீல் பிடித்துத் தரலாம். சொல்லப்போனால், கண்டன அறிக்கையை விட அதுதான் பெரிய உதவி.

நீதிமன்றம் தலையிட்ட வரலாறும் இதே கல்லூரிக்கு உண்டு. 2015இல் இணைய வார இதழ் ஒன்றை நடத்தியதற்காக ஒரு மாணவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். அந்த ஏப்ரலிலேயே டெல்லி உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

“இது கிறிஸ்தவச் சிறுபான்மை நிறுவனம், யாரும் கேட்க முடியாது” என்று சொல்பவர்கள் உண்டு. அது பாதி உண்மை. அரசியலமைப்பின் 30ஆவது பிரிவு நிர்வகிக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் கெடுத்து நிர்வகிப்பது அந்த உரிமையில் சேராது என்று 1958இலேயே, கேரளக் கல்வி மசோதா விவகாரத்தில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 28(3) பிரிவையும் பலர் மறந்துவிடுகிறார்கள்: அரசு அங்கீகாரமோ நிதியோ பெறும் கல்வி நிறுவனத்தில் சம்மதமில்லாமல் யாரையும் மத வழிபாட்டில் கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது. அசெம்ப்ளி என்பது கூட்டமா, வழிபாடா? அங்கே என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தே விடை.

பழைய மாணவருக்கு நேராகத் திறக்கும் கதவு, தகவல் அறியும் உரிமைச் சட்டம். குடிமகனாக இருந்தால் போதும். அரசு நிதியில் பெருமளவு நடக்கும் கல்லூரிகளும் இச்சட்டத்துக்குள் வரும் என்று 2019இல் டிஏவி கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர், 30 நாள் காத்திருப்பு. “ஏன் இப்படிச் செய்தீர்கள்?” என்று கேட்டால் பதில் வராது. “இடைநீக்கத்துக்கு அடிப்படையான விதியின் நகல், அதை ஏற்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, குறைதீர் குழு அமைத்த உத்தரவு” என்று காகிதங்களைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மாணவர்களின் பெயர், சொந்த விவரம் கேட்டால் மறுத்துவிடுவார்கள், மறுப்பதும் சரிதான்.

பாலியல் தொல்லை என்றால் கணக்கே வேறு. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவிடம் புகாரை எழுத்தில் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னொரு மூன்று மாதம் கிடைக்கும். படிப்பு முடிந்து வெளியேறிய பிறகே வாய் திறக்கத் துணிவு வருகிறவர்களுக்கு இது போதாது. ஆனால் காவல் நிலையத்துக்கு அந்த மூன்று மாதக் கணக்கு கிடையாது. சென்னை கலாக்ஷேத்ரா நடனக் கல்லூரியில் 2023 மார்ச் இறுதியில் பாலியல் தொல்லைக்கு எதிராக மாணவர்கள் தரையில் உட்கார்ந்து போராடினார்கள். வழக்குப் பதிவாகி ஆசிரியர் ஒருவர் கைதானது முன்னாள் மாணவி ஒருவர் கொடுத்த புகாரின் பேரில். உள்ளே இருப்பவர் மதிப்பெண்ணுக்கும் அரங்கேற்றத்துக்கும் பயப்படும்போது, வெளியே போனவருக்கு அந்தப் பயம் கொஞ்சம் குறைவு.

அதற்காக வாட்ஸ்அப் குழுவில் பேர் போட்டு எழுதிவிட முடியாது. அவதூறுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவில் இரண்டாண்டு வரை சிறை உண்டு. அதே பிரிவில் விலக்கும் உண்டு: விசாரிக்க அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் புகார் அவதூறாகாது. எனவே கடிதம் நிர்வாகக் குழுத் தலைவருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் யுஜிசிக்கும் போகட்டும். தான் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் தனித்தனிப் பத்தியில் எழுதி, தேதி போட்டு, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பப் பெறப்பட்ட உத்தரவாக இருந்தாலும், அந்த இடைநீக்க மின்னஞ்சலை மாணவர் அழித்துவிடக் கூடாது.